நாதமும் இரைச்சலும்: ஒலிபெருக்கிப் பெட்டி கூறும் வரலாறு

ஒலியிலிருந்தே உலகம் தோன்றிற்று என்பது எம் முன்னோர் கொள்கை. ஆடவல்லானின் வலக்கரத்திலுள்ள உடுக்கையைப் படைப்பின் அடையாளமாகச் சைவ நூல்கள் கொள்கின்றன. கோயில் மணியும், சங்கும், தவிலும், நாதசுரமும் இன்றி எமது வழிபாடு நிறைவு பெறுவதில்லை. ஆயினும், ஒலியைத் தெய்வமாகப் போற்றிய அதே சமுதாயம், தோல் பதனிட்டுக் கருவி கட்டியவரையும் தப்படித்தவரையும் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. ஒலியின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இவ்வுண்மையை மறைத்து எழுதுதல் தகாது.

ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின் வரலாற்றையும், அது இரைந்தால் அவ்விரைச்சலைக் கண்டறிந்து தீர்க்கும் வழியையும் இக்கட்டுரையிற் கூற எண்ணுகிறோம். திருவிழா மேடைகளில் நாள்தோறும் காணும் பொருள்தானே என்று மூத்தோர் இதனை ஒதுக்கிவிடலாகாது. சிறிய பொருளிலும் பெரிய வரலாறு அடங்கியிருக்கும்.

தோட்டத்தின் முதற் குரல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைச்சரிவுகளிலே தேயிலையும் இறப்பரும் பயிரிட எம் மூதாதையர் தென்னிந்தியாவிலிருந்து வந்த காலத்தில், தோட்டம் முழுவதற்கும் கேட்கக்கூடிய குரல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தப்பு. விடியுமுன்னரே லயத்து மக்களை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது அதுவே. ஸி. வி. வேலுப்பிள்ளை தோட்ட வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைத் தப்பொலியுடன் தொடங்கியது தற்செயலன்று. அவ்வொலியைக் கேட்டு எழுந்தவர்க்கே அதன் பாரம் தெரியும்.

ஆனால் அதே தப்பு மாசி மாதத்தில் காமன் கூத்துக்கும் முழங்கிற்று, திருவிழாவிலும் முழங்கிற்று, இறந்தவரை வழியனுப்பவும் முழங்கிற்று. கட்டளையின் கருவியாகத் துரைமார் பயன்படுத்திய ஒன்றை, எம் மக்கள் தம் இன்பதுன்பங்களின் கருவியாகவும் ஆக்கிக்கொண்டனர்.

தப்படிப்போர் அடிக்குமுன் வைக்கோலிலோ சருகிலோ தீ மூட்டித் தோலுக்குச் சூடு காட்டுவதை நாம் யாவரும் பார்த்திருக்கிறோம். ஈரம் ஏறிய தோல் தளர்ந்துவிடும். தளர்ந்த தோல் நாதம் தராது. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பகுதியில் இந்த அறிவு மிகவும் வேண்டப்படுவது. ஈரமே நாதத்தின் முதற் பகை. இதனைப் பள்ளிக்கூடம் காணாத பெரியவர்கள் கையாலும் காதாலும் அறிந்திருந்தனர். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இவ்வுண்மை மீண்டும் எமக்குக் கைகொடுக்கும்.

காந்தமும் காகிதமும்

மேலைநாட்டில் ஒலிபெருக்கி ஒரே நாளில் பிறந்ததன்று. காந்தப் புலத்தினுள்ளே கம்பிச்சுருள் ஒன்றை அசையவிடும் கருவிக்கு ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் வேர்னர் சீமென்ஸ் 1874இல் காப்புரிமை பெற்றார். எனினும் அதனைப் பேசவைக்கும் வழி அன்று கிட்டவில்லை. 1898இல் இங்கிலாந்தின் ஒலிவர் லொட்ஜ் அதே தத்துவத்தில் ஓர் ஒலிபெருக்கியை அமைத்தார். அக்காலத்தில் மின்னலைகளைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள் இல்லாமையால் அதுவும் பயன்படவில்லை. 1915இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர் கம்பிச்சுருளோடு ஒரு கொம்பை இணைத்துப் பெருங்கூட்டத்துக்குக் கேட்கும்படி செய்தனர். 1919இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியாகோ நகரிலே பல்லாயிரவர் முன்னிலையில் அவர்களுடைய கருவி மூலம் உரையாற்றினார்.

இன்று நாம் காணும் ஸ்பீக்கரின் உண்மையான வடிவம் 1925இல் தோன்றியது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லொக் ஆகியோர் அதனை உலகுக்கு அறிவித்தனர். அதன் அமைப்பு எளியது. வலிய காந்தமொன்றின் ஒடுங்கிய இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகிறது. அச்சுருள் காகிதக் கூம்பு ஒன்றின் கழுத்தில் ஒட்டப்பட்டுள்ளது. மின்னோட்டம் மாறும்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் உடனசைந்து காற்றைத் தள்ளுகிறது. தோலைக் கை அடித்தால் தப்பு. காகிதத்தைக் காந்தம் அடித்தால் ஸ்பீக்கர். இரண்டுக்கும் உறவு நெருங்கியது.

அதே 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதியன்று கொழும்பிலே வானொலி நிலையம் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது என்பது நினைவுகூரத்தக்கது. எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளரின் முயற்சியே அதற்குக் காரணம். ஒலியைத் தொலைவுக்கு அனுப்பும் கலையும், அதனைப் பெரிதாக்கிக் கேட்கும் கலையும் இந்நாட்டுக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் வழி திறந்தன.

பெட்டி ஏன் வேண்டும்?

ஸ்பீக்கரைத் தனியே மேசைமீது வைத்து ஒலிக்கவிட்டால் தாழ்ந்த சுரங்கள் கேட்பதில்லை. காரணம் யாது? கூம்பு முன்னே காற்றை அழுத்தும்போது பின்னே காற்றைத் தளர்த்துகிறது. தாழ்ந்த சுரங்களின் அலை மிக நீண்டது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காற்றில் அதன் அலைநீளம் 8 மீட்டருக்கும் அதிகம். எமது பழைய லயத்து அறையின் நீளத்தைவிட அது பெரிது. அவ்வளவு நீண்ட அலை ஸ்பீக்கரின் ஓரத்தைச் சுற்றிவந்து, முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இரண்டையும் பிரித்து வைக்கவே பெட்டி.

பின்னலையை வீணாக்காமல் பெட்டியிலுள்ள ஒரு துவாரத்தின் வழியே முன்னுக்குக் கொணரும் முறைக்கு அமெரிக்கரான அல்பர்ட் துராஸ் 1930இல் காப்புரிமை கோரினார். பெட்டியின் அளவும் துவாரத்தின் அளவும் ஸ்பீக்கரின் இயல்பும் எவ்வாறு பொருந்த வேண்டும் என்னும் கணக்கை 1961இல் அவுஸ்திரேலியரான நெவில் தீல் வகுத்தார். 1970களில் ரிச்சர்ட் சுமோல் அதனை விரித்து எழுதினார். ஆகவே, பெட்டி என்பது ஸ்பீக்கரை மழையிலும் தூசியிலும் காக்கும் உறை மாத்திரமன்று. வீணைக்குக் குடம் எப்படியோ ஸ்பீக்கருக்குப் பெட்டி அப்படி. அதன் சுவர் தளர்ந்தால் நாதமும் தளரும்.

பேஸ் கிட்டாரின் கதையும் இங்கே கூறத்தக்கது. 1951இல் லியோ ஃபென்டர் தம் புகழ்பெற்ற மின்சாரப் பேஸ் கிட்டாரை வெளியிட்டார்; மறு ஆண்டிலேயே அதற்கென ஒரு பெருக்கியையும் 15 அங்குல ஸ்பீக்கருடன் விற்பனைக்குக் கொணர்ந்தார். இவர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கலிபோர்னியாவின் ஃபுலர்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைத் திருத்தும் கடை வைத்திருந்தவர். பிறர் கொண்டுவந்த பழுதுகளைத் திறந்து பார்த்துப் பார்த்தே புதியன செய்யக் கற்றார். திருத்துவோனே ஈற்றில் ஆக்குவோன் ஆகிறான் என்பதற்கு இவர் சான்று.

எமது நாட்டில் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசைப் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் பரவின. கிட்டார்களும் டிரம்சும் கொண்ட இசைக்குழுக்கள் திருவிழா மேடைகளுக்கும் வந்தன. தவிலோடு பேஸ் கிட்டாரும் சேர்ந்து ஒலிக்கும் மேடை இன்று தோட்டத்துக்குப் புதிதன்று.

இரைச்சலின் இருப்பிடம்

எமது சங்கத்து இசைக்குழுவின் பெட்டி பலர் மனமுவந்து கொடுத்த சிறு தொகைகளால் வாங்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் தாய்மாரும் பால் வெட்டும் தந்தைமாரும் நாட்கூலியிலிருந்து ஈந்த பணம் அது. பழைய பெட்டியேயாயினும் ஒரு மழைக்காலம் முடிந்ததும் "கர்" என்று இரையத் தொடங்கிற்று. வேறு பெட்டி வாங்குவோம் என்றனர் சிலர். ஒலியைக் கூட்டினால் இரைச்சல் மறையும் என்றனர் வேறு சிலர். முதலாவது யோசனைக்குப் பணமில்லை. இரண்டாவது யோசனை பிழையானது: ஒலி கூடக் கூட அதிர்வும் கூடும், அதிர்வு கூட இரைச்சலும் கூடும். ஆகவே நோயறிந்த பின்பே மருந்து என்று துணிந்தோம். நாம் கைக்கொண்ட முறையை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, இரைச்சல் எப்போது வருகிறது என்று பார்த்தல் வேண்டும். கிட்டாரைத் தொடாதபோதும் ஒரே சீராக "ஹும்" என்று கேட்குமாயின் அது பெரும்பாலும் மின்சாரத்தின் குறை. இலங்கையின் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி உடையதாகையால் அவ்வொலியும் அதனோடும் அதன் மடங்குகளோடும் ஒத்திருக்கும். கேபிளையும் நிலத்தொடர்பையும் அங்கே சோதிக்க வேண்டும். வாசிக்கும்போது மாத்திரம் இரைந்தால் குறை வேறு.

இரண்டாவது, குறை கிட்டாரிலா பெட்டியிலா என்று பிரித்தல் வேண்டும். பெருக்கியோடு இணைக்காமல் கிட்டாரை மீட்டிக் கேட்டால், தந்தி கட்டைகளில் உரசுவதாயின் அப்போதே தெரியும். மேலும், திறந்த இரண்டாந் தந்தியின் சுரத்தை முதற் தடித்த தந்தியின் ஐந்தாம் கட்டையிலும் வாசிக்கலாம். இரண்டும் விநாடிக்கு 55 அதிர்வே. இரு இடங்களிலும் ஒரேவிதமாக இரைந்தால் தந்தி குற்றமற்றது. எமது சோதனையில் அவ்வாறே இரைந்தது. பின்னர், மின்சாரத்தை நிறுத்தி வேறொரு பெட்டியைப் பெருக்கியோடு இணைத்து வாசித்தோம், இரைச்சல் இல்லை. எனவே குறை எமது பெட்டியிலேயே என்பது உறுதியாயிற்று.

மூன்றாவது, பெட்டியின் எவ்விடம் என்று காணல் வேண்டும். இங்கே வரலாறு எமக்கு உதவிற்று. 1761இல் வியன்னா நகரின் லியோபோல்ட் அவுவன்புருகர் என்னும் வைத்தியர், நோயாளியின் மார்பைத் தட்டிக் கேட்டு நோயறியும் முறையை நூலாக எழுதினார். அவர் தந்தை விடுதி நடத்தியவர். மதுப்பீப்பாய்களைத் தட்டி அளவறியும் வழக்கத்திலிருந்தே இவ்வெண்ணம் பிறந்தது என்பர். 1816இல் பாரிஸ் நகரின் லெனெக் காகிதத்தைச் சுருட்டிக் காதில் வைத்து மார்பொலி கேட்டார். அதுவே வைத்தியர் கழுத்திலுள்ள குழாயின் தொடக்கம். 1787இல் ஜேர்மனியரான கிளாட்னி உலோகத் தகட்டில் மணல் தூவி, அதிர்வு எங்கே உண்டு, எங்கே இல்லை என்று கண்ணாலேயே காட்டினார்.

இம்மூன்றையும் பெட்டியில் செய்து பார்க்கலாம். கைத்தொலைபேசியிலிருந்து ஒரே சுரத்தை மெல்லிய அளவில் ஒலிக்கவிட்டு, மிகத் தாழ்ந்த சுரத்திலிருந்து படிப்படியாக உயர்த்தினால் இரையும் சுரம் வெளிப்படும். அச்சுரத்தில் நிறுத்திக்கொண்டு, பெட்டியின் மேற்பலகையில் சில அரிசிமணிகளை இட்டால் அதிரும் இடத்தில் அவை துள்ளும். இறப்பர்க் குழாயொன்றின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பொருத்துகளின் அருகிலும் வைத்தால் இரைச்சலின் ஊற்று நெருங்கும். கைப்பிடி, மூலைத்தகடு, முன்வலை, ஜாக் தகடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்த வேண்டும். எதனை அழுத்தும்போது இரைச்சல் நிற்கிறதோ அதுவே குற்றவாளி. காற்றுக் கசிவு இருப்பின் ஊதுபத்திப் புகையே காட்டிவிடும். துவாரமில்லாத பொருத்திலும் புகை துடிக்கும். துணிவலைக்கு அருகில் நெருப்பைக் கொண்டுசெல்லாதிருத்தல் அவசியம்.

நாம் அழுத்திய இடங்களில் இரைச்சல் குறைந்ததேயன்றி நிற்கவில்லை. அப்பொழுது, பல ஆண்டுகள் திருவிழாவில் தப்படித்த முதியவர் ஒருவர் அருகே வந்து, "தம்பிகளா, கொஞ்சம் தள்ளுங்க" என்று கூறி, விரல் மொழியால் பின்பலகையைச் சாண் சாணாகத் தட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கே உள்ளே ஒன்று விட்டுப்போயிருக்கு" என்றார். பின்பலகையைக் கழற்றியதும், அதனைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒன்று பசை விட்டுத் தளர்ந்திருப்பதைக் கண்டோம். ஈரத்தால் ப்ளைவூட் பலகை ஊதிப் பின் காய்ந்தமையே காரணம். விநாடிக்கு 55 முறை பலகை அதிரும்போதெல்லாம் சட்டம் அதனை ஒரு முறை மோதிற்று. ஒவ்வொரு மோதலும் மிகக் குறுகியதாகையால் அதில் உயர்ந்த ஒலிகள் நிறைந்திருந்தன. தாழ்ந்த சுரத்தை வாசிக்க, கூர்மையான இரைச்சல் எழுந்த மர்மம் இதுவே.

திருத்தமும் காப்பும்

பழைய பசையைச் சுரண்டி, பலகையை நிழலில் நன்கு உலர்த்தி, மரப்பசை இட்டு, இறுகப் பிணித்து ஒரு நாள் முழுவதும் வைத்தோம். திருகாணிகளையும் சேர்த்தோம். கைப்பிடிக்கும் ஜாக் தகட்டுக்கும் அடியில் மெல்லிய இறப்பர்த் தாள் வெட்டி வைத்தோம். எமது மண்ணில் விளையும் பொருளே எமது பெட்டியின் வாயை அடைத்தது. ஸ்பீக்கரின் திருகாணிகளை ஒன்றுக்கொன்று எதிரானவையாக மாறி மாறி இறுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் சட்டகம் கோணிவிடும்.

எல்லாப் பெட்டிகளுக்கும் இதே நோய் என்று எண்ணலாகாது. காகிதக் கூம்பு கிழிந்திருக்கலாம். சிறு கிழிசலாயின் மெல்லிய தாளும் வெள்ளைப் பசையும் போதும். நடுவிலுள்ள மூடி விட்டுப்போயிருக்கலாம். கூம்புக்குச் செல்லும் பின்னற் கம்பி கூம்பைத் தட்டலாம். மின்சாரத்தை நிறுத்தி, விரல்நுனிகளால் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்தும்போது உரசல் தோன்றினால், கம்பிச்சுருள் காந்தத்தில் உராய்கிறது என்று அறியலாம். அது வீட்டிற் செய்யும் வேலையன்று. கூம்பும் சுருளும் மாற்றும் தொழில் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

எமது பகுதியில் ஒலிக்கருவிகளைக் காப்பது தனிக்கலை. பெட்டியை வெறுந்தரையில் வைக்காமல் பலகை மீது உயர்த்தி வைத்தலும், சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்தலும், மழைக்காலத்தில் இடையிடையே எடுத்து வாசித்தலும் வேண்டும். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரியைத் தாக்கிய வெள்ளங்களை அறிந்தோர்க்கு ஈரத்தின் வலிமையை நாம் எடுத்துக் கூறவேண்டியதில்லை.

நாதமாகும் இரைச்சல்

இரைச்சல் எல்லாம் தீயதன்று. தம்பூராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலை வைத்து, வேண்டுமென்றே ரீங்காரம் எழுப்புகின்றனர். அதனை ஜீவாளி என்பர். 1921இல் சர் சி. வி. இராமன் தம்பூரா, வீணை ஆகியவற்றின் இவ்வியல்பை ஆராய்ந்து எழுதினார். மிருதங்கத்தின் நடுவிலுள்ள கருஞ்சாந்து தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, அவை ஒன்றுக்கொன்று இசைந்த மடங்குகளாகும்படி செய்கிறது என்பதை 1920இலும், பின்னர் 1934இலும் அவர் விளக்கினார். விஞ்ஞானி கணக்கால் கண்டதை, கருவி கட்டிய தொழிலாளர் அவருக்கு முன்னரே கையால் கண்டிருந்தனர். இடமறிந்து வைத்த நூல் தெய்வீகமாகிறது. இடம் தவறித் தளர்ந்த சட்டம் இரைச்சலாகிறது. வேறுபாடு இவ்வளவே.

சமுதாயத்துக்கும் இது பொருந்தும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும், மறு ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் எம் மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்தனர். நெடுங்காலம் குரலின்றி வாழ்ந்தனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே எஞ்சியோரின் நாடற்ற நிலை தீர வழி பிறந்தது. குரலின் அருமை அதனை இழந்தவர்க்கே தெரியும். பெற்ற குரலைத் தெளிவாக ஒலிப்பது எமது பொறுப்பு. பெருத்த ஒலியாலேயே குரல் தெளிவாகிவிடாது. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்து 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளையும், அயலாரின் உறக்கத்தை மதிக்கும் பண்பும், எமது ஆரவாரத்துக்கு எல்லை வகுக்கின்றன. சிங்களக் கிராமங்களின் நடுவே வாழும் எமக்கு அயலவரின் அன்பும் ஒரு செல்வமே.

இளைஞர்காள்! பழுதுற்றதைத் தூக்கியெறியுமுன் தட்டிப் பாருங்கள். செவி கொடுத்துக் கேளுங்கள். நூலறிவும் தேவை, கையறிவும் தேவை. கையறிவு உடையவர்கள் எமது லயங்களிலேயே இருக்கின்றனர். நேற்றுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அவர்களை மேடைக்கு அழைத்து, முன்வரிசையில் ஆசனம் அளித்து, அவர்தம் கலையைக் கேட்டு எழுதிவைப்பது இச்சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பணிகளுள் ஒன்றாகட்டும். அவ்வாறு செய்வோமாயின், உடுக்கையேந்திய பெருமானின் முன்னிலையில் எமது நாதம் இரைச்சலின்றி எழும். வாழ்க தமிழ்! வளர்க எமது சங்கம்!